செருப்பு டோக்கன்

(பொது நூலக அரங்கு ஒன்றில் நிகழ்ந்த சொற்பொழிவின் அச்சு வடிவம்)



பெரிய கோயில் எதுவானாலும் வாசலில் செருப்பு விடும் இடம் ஒன்று இருக்கும். செருப்பைக் கொடுத்தால், உள்ளே இருப்பவர் அதை ஒரு தட்டில் செருகிவிட்டு, 114 என்று எண் போட்ட தகரத் துண்டு ஒன்றை நீட்டுவார். பெயர் என்ன, எந்த ஊர், என்ன வேண்டுதல் என்றெல்லாம் கேட்க மாட்டார். சாமி கும்பிட்டுத் திரும்பி வந்து துண்டை நீட்டினால் செருப்பு வரும். அவருக்கு முகம் நினைவிருக்க வேண்டியதில்லை, எண் போதும். அந்தத் துண்டுக்கு அந்த வாசலைத் தாண்டினால் மதிப்பும் கிடையாது. பக்கத்துத் தெரு ஜவுளிக்கடையில் கொண்டுபோய் நீட்டினால் சிரிப்பார்கள்.

இணையத்தில் குக்கி என்று சொல்லப்படுவது இந்தத் துண்டுதான். பெயரில் பிஸ்கட் வாசம் அடிப்பதற்குக் காரணம் கம்ப்யூட்டர்காரர்களின் பழைய குழூஉக்குறி. யூனிக்ஸ் உலகில், ஒரு புரோகிராம் இன்னொன்றிடம் கொடுத்துவைத்துப் பிறகு அப்படியே திருப்பி வாங்கிக்கொள்ளும் சிறு துணுக்கை ‘மேஜிக் குக்கி’ என்பார்கள். அங்கிருந்து வந்த பெயர் இது. குக்கி ஒரு புரோகிராமும் அல்ல, வைரஸும் அல்ல. தானாக எதையும் செய்யாது. நாலாயிரம் எழுத்துக்குள் அடங்கிவிடுகிற ஒரு சிறு எழுத்துத் துணுக்கு, அவ்வளவுதான். “இந்த இணையதளம் குக்கிகளைப் பயன்படுத்துகிறது” என்று ஒரு பெட்டி குதித்து வந்ததும் பதறுகிறவர்களுக்கு இதை முதலில் சொல்லிவிட வேண்டும். பதற வேண்டிய இடம் வேறு.

இணையதளங்கள் பிறவி மறதிக்காரர்கள். பிரவுசர் ஒரு பக்கத்தைக் கேட்கும், சர்வர் அனுப்பும், அத்தோடு உறவு முடிந்தது. அடுத்த நொடியே அதே பிரவுசர் இன்னொரு பக்கத்தைக் கேட்டாலும் சர்வருக்கு அது புது ஆள். படிக்க மட்டும் வந்து போகிறவர்கள் இருந்தவரை இது யாரையும் உறுத்தவில்லை. கடை திறக்க நினைத்தபோதுதான் சிக்கல் வந்தது. கூடையில் ஒரு சட்டையைப் போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனால் கூடையே காணாமல் போகும் கடையில் யார் வாங்குவார்கள்?

1994 ஜூனில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் இந்தக் கணக்கு லூ மான்டூல்லி என்ற இளம் புரோகிராமரின் மேசைக்கு வந்தது. (திரையில் எழுத்துகள் விட்டு விட்டு மின்னும் அந்தக் கண்ணை உறுத்தும் வித்தைக்கும் ஆதி காரணம் அவர்தான் என்று சொல்வார்கள். குக்கியை மன்னிக்கிறவர்கள்கூட அதை மன்னிப்பதில்லை.) எம்சிஐ என்ற தொலைபேசி நிறுவனம் இணையக் கடை ஒன்றுக்கான மென்பொருளை நெட்ஸ்கேப்பிடம் கேட்டிருந்தது. பாதியில் நிற்கும் கொள்முதல் விவரங்களைத் தன் சர்வரில் சுமக்க எம்சிஐக்கு விருப்பமில்லை. அதை வாங்குகிறவரின் கம்ப்யூட்டரிலேயே வைக்க முடியுமா என்பது கேள்வி.

சுலபமான வழி ஒன்று இருந்தது. ஒவ்வொரு பிரவுசருக்கும் ஒரு நிரந்தர எண் கொடுத்து, போகிற தளத்துக்கெல்லாம் அதைச் சொல்ல வைப்பது. மான்டூல்லி அதை ஒதுக்கினார். ஊர் முழுக்க ஒரே எண்ணோடு திரிந்தால், எந்த இரண்டு கடைக்காரர்களும் பேசிக்கொண்டு ஒருவரது நடமாட்டத்தைக் கோத்துவிடலாம் என்பது அவருக்கு அப்போதே புரிந்திருந்தது. அவர் எடுத்த முடிவு செருப்பு டோக்கன் முடிவு: கொடுத்த தளத்துக்கு மட்டுமே துண்டு திரும்பிப் போகும், வேறு தளம் அதைப் பார்க்கவே முடியாது. அதே ஆண்டு அக்டோபரில் வெளியான நெட்ஸ்கேப்பின் சோதனைப் பதிப்பில் குக்கி இருந்தது. வந்தவர் புதியவரா, முன்பே வந்தவரா என்று நெட்ஸ்கேப் தன் சொந்தத் தளத்தில் பார்த்துக்கொண்டதுதான் அதன் முதல் வேலை. ஆக, ஒருவரைத் தொடரக் கூடாது என்பதற்காகவே இப்படி அமைக்கப்பட்ட பொருள் இது. முப்பது ஆண்டுக் கதையை இந்த இடத்திலிருந்து பார்த்தால்தான் விளங்கும்.

துண்டைக் கண்ணால் பார்க்க விரும்புகிறவர், கணினியில் குரோம் பிரவுசரைத் திறந்து, தினமும் படிக்கும் செய்தித் தளம் எதற்காவது போய், கீபோர்டின் மேல்வரிசையில் இருக்கும் எஃப்12 பட்டனைத் தட்டலாம். பக்கவாட்டில் ஒரு கட்டம் விரியும். அதில் ‘அப்ளிகேஷன்’ என்ற பகுதிக்குள் ‘குக்கீஸ்’ இருக்கும். (ஃபயர்ஃபாக்ஸில் ‘ஸ்டோரேஜ்’.) கணக்குப் பேரேடு மாதிரி வரிசை வரிசையாக: பெயர், மதிப்பு, எந்த டொமைன் (தள முகவரி), எப்போது காலாவதி. மதிப்பு என்ற இடத்தில் பெரும்பாலும் அர்த்தமற்ற எழுத்தும் எண்ணும் கலந்த சரம் ஒன்று கிடக்கும். அதுதான் 114. காலாவதி இடத்தில் ‘செஷன்’ என்று இருந்தால் பிரவுசரை மூடும்வரை உயிர். தேதி இருந்தால் அந்தத் தேதிவரை. 2022இல் குரோம் ஒரு வரம்பு போட்டது: எந்தக் குக்கியும் 400 நாளுக்கு மேல் நிற்க முடியாது. அதற்குமுன் இருபது ஆண்டு ஆயுள் எழுதிக்கொண்டு வந்த குக்கிகளும் உண்டு, அந்தக் கம்ப்யூட்டரே அவ்வளவு நாள் இருக்காது என்றாலும்.

இந்தப் பட்டியலில் டொமைன் என்ற நெடுவரிசையைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும். பார்வையாளர் இருப்பது ஒரு செய்தித் தளத்தில். ஆனால் அங்கே தளத்தின் பெயரோடு விளம்பரக் கம்பெனி, சமூக ஊடகம், கேள்விப்பட்டே இராத ஏதோ மூன்றெழுத்துப் பெயர் என்று அறிமுகமில்லாதவர்களும் உட்கார்ந்திருப்பார்கள். இவர்கள் எப்படி உள்ளே வந்தார்கள்?

ஒரு வலைப்பக்கம் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. எழுத்து ஒரு சர்வரிலிருந்து, விளம்பரப் படம் இன்னொரு சர்வரிலிருந்து. படத்தைக் கொடுக்கும் சர்வரும் “நானும் ஒரு துண்டு கொடுக்கிறேன்” என்கிறது. விதிப்படி தவறில்லை. அது கொடுத்த துண்டு அதற்குத்தானே திரும்பிப் போகிறது? ஆனால் அதே விளம்பரக் கம்பெனியின் படம் ஆயிரம் தளங்களில் இருந்தால்? கோயில் வாசல், ஜவுளிக்கடை வாசல், மருந்துக்கடை வாசல், வட்டிக்கடை வாசல் எங்கும் ஒரே ஆள் நின்றுகொண்டு, 114 வந்தார், 114 போனார் என்று ஒரே நோட்டில் எழுதுகிற மாதிரி. பெயர் தெரியாது என்பது உண்மைதான். அந்த நோட்டைப் படித்தால் பெயர் எதற்கு?

மூன்றாம் தரப்புக் குக்கி என்பது இதுதான். 1996இல் தொடங்கிய டபுள்கிளிக் என்ற நிறுவனம் இதையே தொழிலாக்கியது. அதே ஆண்டு பிப்ரவரி 12 அன்று பைனான்ஷியல் டைம்ஸ் இதழில் வந்த கட்டுரையைப் படித்துத்தான் பொதுமக்களுக்குக் குக்கி என்று ஒன்று இருப்பதே தெரிந்தது. அதற்குள் ஓராண்டுக்கும் மேலாகத் துண்டுகள் கைமாறிக்கொண்டிருந்தன. 1999இல் டபுள்கிளிக், அபாகஸ் டைரக்ட் என்ற கம்பெனியை 170 கோடி டாலருக்கு வாங்கியது. அபாகஸிடம் இருந்த சரக்கு, தபால் மூலம் பொருள் வாங்கிய கோடிக்கணக்கான அமெரிக்கக் குடும்பங்களின் பெயரும் முகவரியும். இரண்டையும் சேர்த்துத் தைத்தால் 114க்குப் பெயர் வந்துவிடும். எதிர்ப்புக் கிளம்பியது, அமெரிக்க வர்த்தக ஆணையம் விசாரணையில் இறங்கியது, 2000 மார்ச்சில் டபுள்கிளிக் அந்தத் திட்டத்தை நிறுத்திவைத்தது. பிறகு 2007இல் டபுள்கிளிக்கையே 310 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக கூகுள் அறிவித்து, மறு ஆண்டு வாங்கி முடித்தது.

இந்த ஓட்டை யாருக்கும் தெரியாமல் விட்டுப்போனதல்ல. 1997 பிப்ரவரியில், பெல் லேப்ஸைச் சேர்ந்த டேவிட் கிறிஸ்டலும் மான்டூல்லியும் சேர்ந்து எழுதிய முதல் குக்கி விதிமுறை வெளியானது. ஆர்எஃப்சி 2109 என்பது அதன் எண். மூன்றாம் தரப்புக் குக்கிகளை பிரவுசர் ஏற்கக் கூடாது. ஏற்க வழி வைத்தாலும், யாரும் கை வைக்காத நிலையில் அது மூடியே இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். விளம்பரக் கம்பெனிகள் எதிர்த்தன. நெட்ஸ்கேப்பும் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்ப்ளோரரும் அந்தப் பகுதியைக் கண்டுகொள்ளவில்லை. மூடிக்கொள்ள விரும்புகிறவர்கள் செட்டிங்ஸுக்குள் போய் மூடிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டன. செட்டிங்ஸுக்குள் போகிறவர் எத்தனை பேர்? புதிதாக வாங்கிய டிவியின் பிரகாசத்தைக்கூடக் கடைக்காரர் வைத்தபடியே வைத்திருக்கிறவர்கள் நாம்.

அன்று ஒரு சுவிட்சை எந்தப் பக்கம் தட்டி வைப்பது என்று எடுத்த முடிவு, இணைய விளம்பரத் தொழிலின் அடித்தளமாகிவிட்டது. தொழில்நுட்பம் அதேதான், சுவிட்சின் பக்கம்தான் வேறு. ஆப்பிளின் சஃபாரி மட்டும் மூன்றாம் தரப்புக் குக்கிகளைத் தடுப்பதையே வழக்கமான நிலையாக வைத்திருந்தது, ஒரு விதிவிலக்கோடு: பயனர் ஒரு படிவத்தை நிரப்பி அனுப்பினால் அந்தத் தளத்தோடு அவருக்குத் தொடர்பு உண்டு என்று கொள்ளும். 2012இல் ஸ்டான்ஃபோர்டில் ஆய்வாளராக இருந்த ஜொனாதன் மேயர் ஒரு வேடிக்கையைக் கண்டுபிடித்து வெளியிட்டார். கூகுளின் விளம்பர நிரலில் கண்ணுக்குத் தெரியாத படிவம் ஒன்று ஒளிந்திருந்தது. யாரும் தொடாமலேயே அது தன்னைத் தானே அனுப்பிக்கொண்டது. சஃபாரி ஏமாந்து கதவைத் திறந்தது. அந்த ஆண்டே அமெரிக்க வர்த்தக ஆணையத்துக்கு கூகுள் 2.25 கோடி டாலர் அபராதம் கட்டியது. தொகை கூகுளுக்குப் பெரிதல்ல. ஆனால் பூட்டியிருக்கும் ஒரு சுவிட்சைத் திறக்க இவ்வளவு மெனக்கெட்டார்கள் என்றால் அதன் மதிப்பு என்ன என்று யோசிக்கலாம்.

பிறகு காற்று திரும்பியது. ஃபயர்ஃபாக்ஸ் 2019 செப்டம்பரில், தொடர்வோர் என்று தெரிந்தவர்களின் குக்கிகளைத் தானாகவே தடுக்க ஆரம்பித்தது. 2022இல் இன்னும் அழகான காரியம் செய்தது: ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனி டப்பா. வாசலில் நிற்கும் ஆள் நிற்கலாம், துண்டும் கொடுக்கலாம். ஆனால் கோயில் வாசலில் 114 என்றால் மருந்துக்கடை வாசலில் 7,860. நோட்டு ஒட்டாது. சஃபாரி 2020 மார்ச்சில் கதவை முழுதாகவே சாத்தியது.

மிச்சம் குரோம். உலகில் பெரும்பாலோர் கையில் இருப்பது அதுதான். அதை நடத்துகிறவர் விளம்பரத்தால் பிழைக்கிறவர். 2020 ஜனவரியில் “இரண்டு ஆண்டுக்குள் ஒழித்துவிடுவோம்” என்றார்கள். 2021இல் 2023 என்றார்கள். 2022இல் 2024 என்றார்கள். 2024 ஜனவரியில் நூற்றுக்கு ஒருவருக்கு மட்டும் நிறுத்திப் பார்த்தார்கள். ஜூலையில், ஒழிக்கப் போவதில்லை, பயனரே தேர்ந்தெடுக்கும்படி கேட்போம் என்றார்கள். 2025 ஏப்ரலில், கேட்கப்போவதும் இல்லை என்றார்கள். விளம்பரப் போட்டியாளர்களும் பிரிட்டனின் போட்டி ஆணையமும் எழுப்பிய ஆட்சேபங்களும் இதில் உண்டு. கூகுளின் பேராசை மட்டும் என்று சொன்னால் அது நியாயமாகாது. ஆனாலும் முடிவு முடிவுதான். 1997இல் மூடியிருக்கச் சொன்ன சுவிட்ச் குரோமில் இன்றும் திறந்தே இருக்கிறது.

நடுவில் ஐரோப்பா வேறொரு வழியில் போனது. சுவிட்சைத் தொடாமல், தளங்களைப் பார்த்து “அனுமதி கேள்” என்றது. 2009இல் திருத்தப்பட்ட விதியும், 2018 மே 25 அன்று அமலுக்கு வந்த ஜிடிபிஆர் சட்டமும் சேர்ந்துதான் நாம் எல்லாரும் அறிந்த அந்தப் பெட்டியைப் பெற்றெடுத்தன. நோக்கம் நல்லது. நடந்தது என்ன? பெரிய எழுத்தில், பளிச்சென்ற நிறத்தில் ‘எல்லாவற்றையும் ஏற்கிறேன்’. மறுக்க வேண்டுமானால் சாம்பல் நிற எழுத்தைத் தேடி, உள்ளே போய், வரிசையாக இருக்கும் பொத்தான்களை ஒவ்வொன்றாக அணைக்க வேண்டும். ஜெர்மனியில் பிளானட்49 என்ற பரிசுப்போட்டித் தளம், சம்மதக் கட்டத்தில் தானே டிக் போட்டுவைத்து நீட்டியது. முன்கூட்டியே போட்ட டிக் சம்மதம் ஆகாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2019 அக்டோபர் 1 அன்று தீர்ப்புச் சொன்னது. பிரான்ஸின் தகவல் பாதுகாப்பு ஆணையம் இன்னும் ஒரு படி மேலே போனது. ஏற்பதற்கு ஒரு கிளிக், மறுப்பதற்குப் பல கிளிக் என்று வைத்திருந்ததற்காக 2022 ஜனவரியில் கூகுளுக்கு 15 கோடி யூரோ, ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோ அபராதம் அறிவித்தது. அதன் பிறகுதான் ஐரோப்பாவில் கூகுள் திறக்கிறவர்களுக்கு ‘எல்லாவற்றையும் மறுக்கிறேன்’ என்ற பட்டன் பக்கத்திலேயே கிடைத்தது.

இந்தியாவில் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் குக்கி என்ற சொல்லே கிடையாது. ஆனால் இரண்டு வரிகள் இங்கே பொருந்தும். சம்மதம் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும். அந்தப் பட்டியலில் தமிழ் உண்டு. இரண்டாவது, கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறுவது, கொடுத்தபோது இருந்த அளவுக்கே சுலபமாக இருக்க வேண்டும். விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. முக்கியமான கடமைகள் அமலுக்கு வர அதிலிருந்து 18 மாதம். தமிழில் வரும் அந்த அறிவிப்பு மனிதர் பேசும் தமிழில் வருமா, மெஷின் மொழிபெயர்த்த தமிழில் வருமா என்பது வேறு கவலை.

சரி, பார்வையாளர் கையில் என்ன இருக்கிறது? பெட்டியில் எந்தப் பட்டனை அழுத்துவது என்பதைவிட, அந்தப் பழைய சுவிட்சைத் தேடிப் போவது மேல். குரோமில் மூன்று புள்ளியைத் தொட்டு, செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, தேர்ட் பார்ட்டி குக்கீஸ் என்று போனால் ‘பிளாக்’ என்ற தேர்வு கிடைக்கும். ஆண்ட்ராய்டு போனில் சைட் செட்டிங்ஸுக்குள் இருக்கிறது. அரை நிமிட வேலை. ஐபோனின் சஃபாரியில் இந்தத் தடையும், ஃபயர்ஃபாக்ஸில் அந்தத் தனித்தனி டப்பாவும் ஏற்கெனவே போட்டே வருகின்றன. யாராவது அணைத்துவைத்திருக்கிறார்களா என்று பார்த்தால் போதும். தடுத்த பிறகு சில இடங்களில் கால் இடறலாம். ஒரு தளத்துக்குள் இன்னொரு தளத்தின் லாகின் பெட்டி வருகிற இடங்களில், உள்ளே விடாமல் சுற்றிச் சுற்றி வரும். குரோம் அப்போது முகவரிப் பட்டையில் ஒரு கண் சின்னம் காட்டும். அதைத் தொட்டு அந்தத் தளத்துக்கு மட்டும் அனுமதி கொடுக்கலாம். எல்லாருக்கும் கதவைத் திறக்க வேண்டியதில்லை.

இன்காக்னிட்டோ என்ற குரோமின் ரகசிய ஜன்னல் பற்றி நிறையத் தவறான நம்பிக்கை. அந்த ஜன்னலை மூடியதும் அதில் சேர்ந்த குக்கிகள் அழியும். ஆனால் தளத்துக்கோ அலுவலக நெட்வொர்க்குக்கோ ஒருவர் மறைந்துவிடுவதில்லை. இதை நம்பி ஏமாந்ததாக 2020இல் அமெரிக்காவில் தொடுக்கப்பட்ட வழக்கில், சேர்த்துவைத்த நூறு கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்க 2024இல் கூகுள் ஒப்புக்கொண்டது.

தொடர்வதைப் பற்றியே பேசுவதால், பார்க்கும் தளமே கொடுக்கும் முதல் தரப்புக் குக்கி சாது என்று நினைத்துவிடக் கூடாது. லாகின் செய்ததும் தளம் கொடுக்கும் துண்டுதான் அடுத்த பல நாளுக்கு ஒருவரது அடையாளம். பாஸ்வேர்டும் ஓடிபியும் வாசலில் ஒருமுறைதான். அதன்பின் துண்டு வைத்திருப்பவர்தான் செருப்புக்காரர். 2010இல் எரிக் பட்லர் என்ற புரோகிராமர் ஃபயர்ஷீப் என்ற கருவியை வெளியிட்டார். காபிக்கடை வைஃபையில் பறக்கும் துண்டுகளைப் பிடித்து, பக்கத்து மேசைக்காரரின் ஃபேஸ்புக்குக்குள் ஒரே கிளிக்கில் நுழையலாம் என்று காட்டினார். பெரிய தளங்கள் எல்லாப் பக்கத்தையும் எச்டிடிபிஎஸ் என்ற மறைகுறியாக்கப் பாதைக்கு மாற்றியதில் அந்த வெட்கத்துக்குப் பங்குண்டு. இன்று திருட்டு கம்ப்யூட்டருக்குள்ளேயே நடக்கிறது. 2023 மார்ச்சில், ஒன்றரைக் கோடிச் சந்தாதாரர் கொண்ட லைனஸ் டெக் டிப்ஸ் என்ற கனடிய யூடியூப் சேனல் ஒரே இரவில் பறிபோனது. விளம்பர ஒப்பந்தம் என்று வந்த ஃபைலை ஊழியர் ஒருவர் திறந்தார். அது பிரவுசரிலிருந்த துண்டுகளைச் சுருட்டி அனுப்பிவிட்டது. பாஸ்வேர்டை யாரும் உடைக்கவே இல்லை.

இதில்தான் ‘லாக்அவுட்’ என்ற சொல்லுக்கு அர்த்தம் வருகிறது. டேபை மூடுவது வேறு, லாக்அவுட் வேறு. ஒழுங்காகக் கட்டிய தளத்தில், லாக்அவுட் செய்ததும் சர்வர் தன் பக்கத்தில் 114ஐ அடித்துவிடும். திருடிய துண்டு அதன்பின் வெறும் தகரம். பிரவுசிங் சென்டரிலும் அலுவலகப் பொதுக் கணினியிலும் வங்கி, மெயில், ஐஆர்சிடிசி பார்த்துவிட்டு அப்படியே எழுந்து போகிறவர்கள், துண்டை நாற்காலியிலேயே வைத்துவிட்டுப் போகிறார்கள்.

இத்தகைய கூட்டங்களில் கடைசியில் எப்போதும் எழும் கேள்வி ஒன்று உண்டு: “எல்லாக் குக்கியையும் மொத்தமாக அழித்துவிட்டால் என்ன?” அழிக்கலாம். எல்லாத் தளத்திலிருந்தும் வெளியே வந்து, மறந்துபோன பாஸ்வேர்டுகளை ஒவ்வொன்றாகத் தேட வேண்டியிருக்கும். அதைவிட ஒரு வேடிக்கை பாக்கி இருக்கிறது. கேள்வி கேட்டவர் போன வாரம் சிரமப்பட்டுச் சாம்பல் எழுத்தைத் தேடி ‘மறுக்கிறேன்’ என்று சொன்னாரே, அந்த மறுப்பைத் தளம் எதில் எழுதி வைத்திருந்தது? ஒரு குக்கியில்தான். அதுவும் போய்விட்டது. பெட்டி மறுபடியும் குதித்து வரும்.